ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது

எங்களுக்கு இன்னமும் வியாழக்கிழமை என்றால் பந்தய நாள்தான். எங்கள் ஊர் ஆஸ்லியில் கடைசி ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. மைதானம் இருந்த இடத்தில் தகரக் கிட்டங்கி ஒன்று எழும்பிவிட்டது. முதல் வளைவில் நாங்கள் நின்ற இடத்தில் இப்போது லாரிகள் பின்பக்கமாக வந்து முட்டி நிற்கின்றன. இருந்தும் வியாழன் மதியம் இரண்டு மணிக்கு ரயில்வே கிளப்பின் ஜன்னலோர மேசைக்கு வந்துவிடுவோம். போக வேறு இடமில்லை என்பதை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான் ஏவ்ரில். பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம் உருளைக்கிழங்கு மசித்தவள். முன்னூறு பிள்ளைகளை ஒரே சத்தத்தில் வரிசையில் நிறுத்திய தொண்டை என்னுடையது. பெர்னி பேருந்து ஓட்டியவர். மாவிஸ் அவருடைய மைத்துனி. அக்கா போய்ச் சேர்ந்த பிறகும் அத்தானோடு சண்டை போடுவதை அவள் விடவில்லை. நான்காவது நாற்காலி கிளிஃபினுடையது. அது ஆறு வாரமாகக் காலி.

கிளிஃப் ஷூ கயிற்றில் கட்டிய ஸ்டாப்வாட்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பந்தயத்துக்கு வருவார். நாங்கள் எல்லோரும் புரோகிராம் புத்தகத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் யாருக்கு எத்தனை புள்ளி என்று பென்சிலால் நிரப்புகிறவர்கள்தான். ஆனால் நேரத்தை மட்டும் ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேட்டு எழுதுவோம். கிளிஃபுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. தன் கட்டைவிரல் சொன்னதைத்தான் எழுதுவார். "அறிவிப்பாளருக்கு ஒரு கடிகாரம், கிளிஃபுக்கு ஒரு கடிகாரம்" என்று பெர்னி கேலி செய்வார்.

அந்த வியாழனும் பெர்னி தன் பழைய பாட்டைத்தான் ஆரம்பித்தார்.

"எழுபத்தெட்டாம் வருஷ டீம் மாதிரி இனிமே ஒண்ணு வராதும்மா. ஏழு பேரும் சிங்கக்குட்டிங்க."

"அந்த வருஷம் நாம கடைசியில இருந்து ரெண்டாவது," என்றாள் மாவிஸ். "உங்க சிங்கக்குட்டிங்கள்ல ரெண்டு பேரு வளைவு வந்தாலே கண்ண மூடிக்குவானுங்க."

"அந்த வருஷம் ஒரே மழை. பாதை சேறா கெடந்துச்சு."

"நமக்கு மட்டும் மழை பெஞ்சுதோ? எதிராளிக்கு வெயிலடிச்சுதா?"

நான் சிரித்தேன். தோற்றால் மழை, மழை இல்லாவிட்டால் நடுவர், நடுவரும் யோக்கியனாக இருந்துவிட்டால் பாதைக்கு மண் போட்டவன். எங்கள் கூட்டத்தில் எந்த வீரனும் தன் தப்பால் தோற்றதே கிடையாது. எங்கள் தப்பால் தோற்றதும் கிடையாது.

பெர்னி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடிக் குவளையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"நேத்து கிளிஃபப் பாத்துட்டு வந்தேன்," என்றார். "ஞாயித்துக்கிழமை தாண்டினா பெரிய விஷயம்னு நர்ஸு சொல்லுது. கிரெய்க் வருவானான்னு மூணு தடவ கேட்டான். நான் என்னத்தச் சொல்ல?"

"வர மாட்டான்," என்றாள் மாவிஸ். "பதினாலு வருஷமா வராதவன் இப்ப வரவா போறான்? பெத்த அப்பன்கிட்ட அப்படி என்ன கோவமோ. பையன் விழுந்ததுக்கு அப்பன் என்ன பண்ணுவான்?"

"எப்பேர்ப்பட்ட பையன்," என்றார் பெர்னி. "ரெண்டு முழங்கைய ஊனி, நமக்காகத் தவழ்ந்தே வெளிய வந்தான் பாரு. நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

பெர்னி அதை எப்போதும் அப்படித்தான் சொல்வார். எங்கள் கிளப் சுவரில் அதற்கு ஒரு படம்கூட மாட்டியிருக்கிறது. நான் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

நடந்தது இதுதான். செப்டம்பர் மாதம், ஹெட்டன் அணியோடு பந்தயம். பதினான்கு ஓட்டம் முடிந்தபோது நாங்கள் 43, அவர்கள் 41. கடைசி ஓட்டத்தில் எங்கள் பக்கம் கிளிஃபின் மகன் கிரெய்க்கும், டென்மார்க்கிலிருந்து வந்த யெஸ்பரும். நான்கு வண்டி, நான்கு சுற்று, எந்த வண்டிக்கும் பிரேக் கிடையாது. யெஸ்பர் முன்னால் போய்க்கொண்டிருந்தான். மூன்றாவது சுற்று தொடங்கியதும், எங்கள் கண்ணெதிரே, கிரெய்க்கின் பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் மாட்டியது. அவன் வண்டியோடு வேலியில் அடித்துப் பாதையின் நடுவில் வந்து விழுந்தான்.

விழுந்தவன் பாதையிலேயே கிடந்தால் நடுவர் சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார். ஓட்டம் மறுபடி முதலிலிருந்து நடக்கும். விழுந்தவனுக்கு அதில் இடமில்லை, யெஸ்பர் தனி ஆளாக இரண்டு ஹெட்டன்காரர்களைச் சமாளிக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி வருவதற்குள் விழுந்தவன் உள்பக்கப் புல்லுக்குப் போய்விட்டால் ஓட்டம் தொடரும், முதலில் வருகிறவனுக்கு 3 புள்ளி, அடுத்த இருவருக்கு 2, 1 என்ற கணக்கில் வெற்றி எங்களுக்கு. இது எங்கள் ஊரில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரியும். நம் ஆள் முன்னால் இருந்தால் விழுந்தவனைப் பார்த்து "எழுந்து ஓடுடா" என்போம். எதிராளி முன்னால் இருந்தால் "அப்படியே கெடடா" என்போம். எந்த எலும்பு முறிந்தது என்று அந்த நேரத்தில் ஒருவரும் யோசிப்பதில்லை.

நான் கத்தினேன். முதலில் கத்தியது நான்தான். "எழுந்திரு கிரெய்க்! பாதைய விட்டுப் போ! போடா!" என் பின்னால் வளைவு முழுக்க அதையே கத்தியது. இருந்தது பதினைந்து விநாடி. அவன் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தான். பிறகு முழங்கைகளை ஊன்றி, கால்களை இழுத்துக்கொண்டு புல்லுக்குப் போய்ச் சேர்ந்தான். 46க்கு 44 என்று ஜெயித்தோம். நான் பக்கத்தில் இருந்தவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

தண்டுவடம். அசையாமல் கிடந்து ஸ்ட்ரெச்சரில் எடுத்திருந்தால் நடந்திருப்பான் என்று டாக்டர்கள் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது.

அன்று கிளிஃப் என் இடது தோளை உரசிக்கொண்டு நின்றார். அவர் வாயே திறக்கவில்லை. அப்பாதான் கத்தினார் என்று கிரெய்க் நினைத்துக்கொண்டிருக்கிறான், அதனால்தான் அவர் முகத்தில் விழிப்பதில்லை என்று பதினான்கு வருடமாக நானாக முடிவு கட்டி வைத்திருந்தேன். அது தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அத்தனை பெரிய தொண்டை, தேவைப்பட்ட இடத்தில் அடைத்துக்கொண்டது. என்னை நானே வெறுத்தேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை. பாதி நாள் மறந்துபோய் நன்றாகத்தான் தூங்கினேன்.

ஆனால் கிளிஃப் மகனைப் பார்க்காமல் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது. வெள்ளிக்கிழமை காலை கிளம்பிவிட்டேன்.

கிரெய்க் வீட்டுக்குப் பின்னால் தாழ்வான மேசை போட்டு, மற்ற ஊர் வீரர்களுக்கு இஞ்சின் பழுது பார்த்துக்கொடுக்கிறான். கதவைத் திறந்ததுமே, பந்தய இஞ்சினில் ஊற்றும் விளக்கெண்ணெய் எரிந்த பழைய வாசனை. சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பார்த்தான். முப்பத்தெட்டு வயதுக்குள் தலை நரைத்துவிட்டது.

"ஏவ்ரில் ஆன்ட்டி! கேக் ஏதாவது கொண்டாந்தீங்களா, இல்ல வாய மட்டும் கொண்டாந்தீங்களா?"

"வாயத்தான் கொண்டாந்தேன் கண்ணு," என்று சொல்லிவிட்டு, உட்காராமல், நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தியது நான், அப்பா இல்லை, அப்பா வாயே திறக்கவில்லை.

அவன் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டான்.

"உங்க குரல் எனக்குத் தெரியாதா ஆன்ட்டி? அஞ்சு வயசுல பட்டாணி தின்ன மாட்டேன்னு உங்ககிட்ட மதியம் பூரா திட்டு வாங்கினவன் நான். ஹெல்மெட்டுக்குள்ள முதல்ல கேட்டதே உங்க குரல்தான்."

"அப்ப என் மேல கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. ரெண்டு வருஷம். அப்புறம், அதுங்களுக்கு வேற என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"அப்ப அப்பா மேல ஏண்டா?"

அவன் மேசையிலிருந்த ஒரு திருகாணியை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தான்.

"அப்பா முப்பது வருஷம் ஆம்புலன்ஸ்ல வேல பாத்தவரு. பதினஞ்சு வயசுல நான் முதல்ல வண்டியில ஏறினப்ப என்ன சொன்னாரு தெரியுமா? விழுந்து கால் மரத்துப்போச்சுன்னா அசையாத. எவன் கத்தினாலும் அசையாத. நான் முதல் வளைவுலதான் நிப்பேன், என்னப் பாரு, அசையாதன்னு கையக் காட்டுறேன்னாரு. பாத்தேன் ஆன்ட்டி. பத்து கஜம்கூட இல்ல. கண்ணாடி பூரா மண்ணு. தொப்பி தெரிஞ்சுது, முகம் தெரியல. கை வரல. நீங்க எல்லாரும் கத்துறீங்க, அவர் கை மட்டும் வரல. சரி, போகச் சொல்றாரு போலன்னு நகர்ந்தேன்."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும்," என்றான். "என்னப் பாத்துட்டு, பயத்துல கை எழும்பாம நின்னாருன்னா, அது மனுஷன் பண்றது. இல்ல, யெஸ்பர் போறதப் பாத்துட்டு நின்னாரா? ஆஸ்பத்திரியில கேட்டேன். எழுந்து வெளிய போயிட்டாரு. நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல. சொல்லுங்க."

"நான் பாக்கல கண்ணு," என்றேன். "நான் பந்தயத்தப் பாத்துட்டிருந்தேன்."

அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன்தான் புரோகிராமைப் பற்றிப் பேசினான். அப்பா ஒன்றையும் தூக்கிப் போட மாட்டார், அன்றைய புத்தகமும் பெட்டியில் இருக்கும். "பதினஞ்சாவது ஓட்டம் காலியா இருந்தா, என்னத்தான் பாத்திருக்காரு. வேற எப்படியும் அவர் காலியா விட மாட்டாரு."

"அப்புறமா பேப்பரப் பாத்து எழுதியிருந்தா?"

"அடுத்தவன் சொன்ன நேரத்த என்னிக்காவது எழுதியிருக்காரா அவரு? கொண்டாங்க ஆன்ட்டி. காலியா இருந்தா உடனே கிளம்பி வரேன். எழுதியிருந்தா, இனிமே இதப் பத்திப் பேச வேணாம்."

கிளிஃபின் பூனைக்குச் சாப்பாடு வைப்பதால் அவர் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பின்னறையில் செருப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் வருடம் எழுதி ஒட்டியிருந்தது. பெட்டியைத் திறப்பதற்குமுன், காலியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோயில் பக்கம் போய் நாற்பது வருடம் ஆன எனக்கு யாரிடம் வேண்டுவது என்று தெரியவில்லை.

நிரப்பியிருந்தது.

யெஸ்பருக்கு 3. ஹெட்டன்காரர்களுக்கு 2, 1. கிரெய்க்கின் பெயருக்கு எதிரே, விழுந்தவர்களுக்கு நாங்கள் எல்லோரும் போடும் பெருக்கல் குறி. கீழே 46–44, அதற்கு அடியில் இரண்டு கோடு. பக்கத்துக் கட்டத்தில் நேரம்: 58.9.

வரும்போதே என் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். என்னுடையதில் 58.6. அதுதான் ஒலிபெருக்கியில் சொன்னது, மறுநாள் பேப்பரில் வந்ததும் அதுதான். 58.9 இந்த உலகத்தில் ஒரே ஒரு கடிகாரத்தில்தான் இருந்தது. மகன் தவழ்ந்துகொண்டிருந்தபோது கிளிஃபின் கண் யெஸ்பரின் முன்சக்கரத்தில் இருந்தது. அது கோட்டைத் தாண்டியபோது கட்டைவிரல் அழுத்தியது.

பூனை காலைச் சுற்றியது. நான் சமையலறை மேசையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மழையில் நனைந்த தாளிலும் எழுத வேண்டும் என்று கிளிஃப் மெத்தென்ற கறுப்புப் பென்சில்தான் வைத்திருப்பார், அழுத்தி எழுத மாட்டார். ரப்பர் வைத்ததும் வந்துவிட்டது. முதலில் நேரத்தை அழித்தேன், பிறகு புள்ளிகளை, மொத்தத்தை, அடியில் இருந்த இரண்டு கோட்டை, கடைசியில் அந்தப் பெருக்கல் குறியை. துகள்களை ஊதிவிட்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. செத்துக்கொண்டிருக்கும் மனிதனுக்கு ஒரு மகனையும், மகனுக்கு ஒரு தகப்பனையும் கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அதை நம்பவும் செய்தேன்.

சனிக்கிழமை மதியம் கிரெய்க் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். கிளிஃப் இருந்த, கடைசி நாள்களை எண்ணுகிறவர்களுக்கான இல்லம் ஊருக்கு வெளியே, கால்வாய்க்கரையில் இருந்தது. வாசலில் வைத்துப் புத்தகத்தைக் கொடுத்தேன். பிரித்தான். பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்து அழுத்தினான். எண்ணெய்க் கறை படிந்த, கரடுமுரடான கை. அந்த ஒரு நிமிடத்துக்காக எதை வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று தோன்றியது.

கிளிஃப் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். ஸ்டாப்வாட்ச் கட்டில் கம்பியில் தொங்கியது. மகனைக் கண்டதும் அவர் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை. கிரெய்க் துடைத்துவிட்டான்.

"வந்துட்டியாடா," என்றார்.

"வந்துட்டேம்பா."

"இஞ்சினெல்லாம் நல்லாப் போகுதா?"

"போகுதுப்பா. போன வாரம் நான் சரிபண்ணிக் குடுத்த வண்டி ரெண்டு ஓட்டம் ஜெயிச்சுது."

"ரெண்டுதானா?" என்றார் கிளிஃப். கிரெய்க் சிரித்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கொஞ்ச நேரம் கழித்து அவன் புத்தகத்தைப் போர்வை மேல் விரித்து வைத்தான்.

"இத நீங்க எழுதவே இல்லப்பா. இத்தன வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சிருங்க."

கிளிஃப் அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்தார். மருந்து மயக்கத்தில் கண் செருகிச் செருகி விழித்தது. விரலால் அந்த வரியைத் தடவினார். முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. கணக்கு வாத்தியார் தன் கணக்கிலேயே தப்பைக் கண்ட மாதிரி.

"காலியா இருக்கே," என்றார். "இத எப்படி விட்டேன்? பென்சில் எங்க?"

"வேணாம் கிளிஃப், அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.

"காலியா விடக் கூடாது. பென்சில் குடு."

"பென்சில் இல்ல," என்றேன்.

கிரெய்க் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் குரலில் அவனுக்கு என்ன கேட்டதோ.

"உங்க பையில எப்பவும் இருக்குமே ஆன்ட்டி," என்றான். "குடுங்க."

கொடுத்தேன். வேறு என்ன செய்ய? பென்சிலைக் கிரெய்க்தான் அப்பாவின் விரலுக்கிடையில் வைத்து, புத்தகம் நழுவாமல் பிடித்துக்கொண்டான்.

கிளிஃப் யோசிக்கவே இல்லை. எண்கள் வரிசையாக வந்தன. 3. 2. 1. மகன் பெயருக்கு எதிரே வந்ததும் ஒரு பெருக்கல் குறி. பக்கத்துக் கட்டத்துக்குப் போய், நாக்கைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, 58.9 என்று எழுதினார். 46–44 எழுதி, அடியில் ஒரு கோடு, இன்னொரு கோடு. அப்புறம் தலையணையில் சாய்ந்தார்.

"யெஸ்பர் கடைசி வளைவுல அகலமாப் போயிட்டான்," என்றார். "இல்லன்னா இன்னும் சீக்கிரம் வந்திருப்பான். உசிரே போயிடுச்சு எனக்கு. ஜெயிச்சோம்ல?"

கிரெய்க் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஆமாப்பா," என்றான். "ஜெயிச்சோம்."

கிளிஃப் நிம்மதியாகக் கண்ணை மூடினார். கிரெய்க் அவர் விரலிலிருந்து பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினான். புத்தகத்தை மூடி, ஸ்டாப்வாட்ச்சுக்குக் கீழே வைத்தான். போர்வையைச் சரிசெய்துவிட்டு நாற்காலியைத் திருப்பினான்.

கார் நிறுத்துமிடம்வரை நான் பின்னாலேயே ஓடினேன்.

"நீங்கதான அழிச்சீங்க?" என்றான், திரும்பாமல்.

"ஆமா கண்ணு. நல்லதுக்குன்னு நெனச்சுதான்..."

"அன்னைக்கு அறிவிச்சது 58.6. எனக்கும் தெரியும்." கார்க் கதவைத் திறந்து, கைகளால் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தான். "இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது ஆன்ட்டி. நெஜமாத் தெரியாது. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள், என்னத்தான் பாத்திருப்பாருன்னு நெனச்சுக்குவேன். அப்படியே பதினாலு வருஷம் ஓட்டிட்டேன்."

"எழுதியிருக்குன்னு வந்து சொல்லியிருக்கணும்," என்றேன். "தப்புதான்."

"இல்ல. பூனைக்குச் சோறு போட்டுட்டு, புத்தகம் கிடைக்கலன்னு சொல்லியிருக்கணும்," என்றான்.

கதவைச் சாத்திக்கொண்டான். கார் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டும்வரை நின்றேன். கத்திக் கூப்பிட்டால் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை.

கிளிஃப் ஞாயிற்றுக்கிழமை காலை போய்விட்டார். முகம் சிரித்தாற்போல் இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். அடக்கத்துக்கு கிரெய்க் வரவில்லை. "என்ன கல்மனசுடி," என்றாள் மாவிஸ். பெர்னி சவப்பெட்டி மேல் அணியின் துண்டை விரித்து, வந்தவர்களிடமெல்லாம் அந்தத் தவழ்ந்த கதையை முழுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து என் புரோகிராமை எடுத்துப் பார்த்தேன். பதினைந்தாவது ஓட்டத்தை நானும் நிரப்பித்தான் வைத்திருக்கிறேன், என் குண்டெழுத்தில், ஒரு கட்டம் விடாமல். கிரெய்க் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி. மொத்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறேன்.